எல்லைக்கல் 4417

துவாஸில் கொட்டிய மணல்
இன்னும் முழுதாய் இறுகவில்லை.
அதற்குள் வந்துவிட்டார்கள்,
கீழிருந்து.

முதலில் கண்டவர் கிரேன் ஓட்டும் கலியமூர்த்தி.
உடும்பென்று நினைத்துச்
சோற்றுப் பொட்டலத்து மீன்தலையை வீசியிருக்கிறார்.
அது இரண்டு காலில் எழுந்து வந்து
திருப்பிக் கொடுத்ததாம்,
மணலைத் துடைத்து.

மற்ற கரைகளுக்குப் பீரங்கி போனது.
பதிலுக்கு நகரங்கள் போயின.
நாங்கள் வரிசை எண் கொடுத்தோம்.

நான் நில அளவையாளர், மதுரவேணி.
என்னை அனுப்பக் காரணம் ஒன்றுதான்:
அது பேசுவது தமிழ்.
இரவுப் பணியில் கலியமூர்த்தியிடம் கற்றது,
மன்னார்குடி இழுவையோடு.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்
உருப்படாது என்பார்கள்.
அது ஆமைக்குத் தாயாதி. அமீனா நான்.
ஒரே நாளில் ஒரே மனையில் நிற்கிறோம்,
முக்காலியில் கருவி,
காலடியில் இன்னும் நடாத கல்.

அதன் வழக்கு சுருக்கமானது.
வானம் கருத்தபோது கீழே போனோம்.
வெளுத்ததும் வரலாமென்று இருந்தோம்.
கொஞ்சம் கண்ணசந்துட்டோம்.

எவ்வளவு நேரம், என்றார் குவெக்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் உண்டு.
நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டுக் கணக்கிட்டது.
ஆறு கோடி என்று எழுதினேன்.
'ஆண்டு' என்பதற்கு இடம் போதவில்லை.

எங்கள் பத்திரத்தை விரித்தேன்:
தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை.
அதன் இமை கீழிருந்து மேலே மூடியது.
பிறகு இன்னோர் இமை, பக்கவாட்டில்.
சிரிப்பு அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.
தெங்காவில் நானும் பிரபுவும்
நாலறை வீட்டுச் சாவிக்குக் காத்திருக்கிறோம்.
அந்த வீட்டின் மேலும் ஒரு கணம்
இமை மூடித் திறந்தது.

மண் வேணாம், என்றது.
மண்ண நீங்கதான் கப்பல்ல வாங்கியாந்து கொட்டினீங்க.
அடியில முட்ட குளுந்து போவுது.
வெயில் வேணும்.
பதினோரு மணியிலேர்ந்து நாலு வரைக்கும்,
தெனமும், தீவு பூரா.

மொழிபெயர்த்தேன்.
ரொஹானி வாய்விட்டுச் சிரித்தாள்.
அந்நேரம் யார் வெளியே வருகிறார்கள்,
கொடுத்துவிடலாமே!
நாங்கள் மூவரும் வந்திருந்த வண்டி
அப்போதும் உறுமிக்கொண்டிருந்தது,
குளிர் போய்விடக் கூடாதென்று.

மறுத்தால்? கேட்கச் சொன்னார் குவெக்.
அது குதிகாலால் ஒருமுறை தட்டியது.
கருவியின் நீர்மட்டக் குமிழி
ஓரத்துக்கு ஓடிப்போய்
வெகுநேரம் திரும்பவில்லை.
தூரத்தில் கொள்கலன்கள்
ஒன்றோடொன்று பல்லைக் கடித்தன.

கிரேன் ஏணியில் இறங்கி வந்தார் கலியமூர்த்தி.
யாரும் கூப்பிடவில்லை.
கழுத்துத் துண்டைப் பிழிந்து
மறுபடி கழுத்திலேயே போட்டுக்கொண்டு,
"அந்த அஞ்சு மணி நேரத்த
இவங்ககிட்ட ஏன் கேக்குற?
அதுல குடியிருக்கறது நாங்கள்ல"
என்றார்.

குவெக் என்னைப் பார்த்தார்.
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

மணி ஒன்று. இங்கே உச்சி அப்போதுதான்.
அது கலியமூர்த்தியிடம் போய்க் குனிந்தது.
அவருடைய நிழல்
இரண்டு பூட்ஸுக்கும் நடுவே
ஒடுங்கிக் கிடந்தது.
நகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக்
கோடு இழுத்து,
ஒரு சாண்கூட இல்லையே, என்றது,
இவ்வளவுதான் எளுதி வச்சாங்களா ஒனக்கு?

என்னவாம், என்றார் குவெக்,
வண்டிக் கதவில் கை வைத்தபடி.

அளவு கேட்கிறது, என்றேன்.